மோட்டாரில் ‘ஸ்லிப்’ இருப்பது பழுதா?

கேள்வி: எங்கள் கிணற்று மோட்டாரின் பெயர்ப்பலகையில் 2,880 சுற்று என்று இருக்கிறது. 3,000 ஓட வேண்டியது ‘ஸ்லிப்’பினால் (நழுவலால்) குறைகிறது என்கிறார் காயில் கட்டுபவர். நூற்பாலையில் ஃபிட்டராக இருக்கும் என் மகனோ, ஸ்லிப் வந்தால் நூலே கெட்டுவிடும் என்கிறான். மோட்டாரின் ஸ்லிப்பை நீக்க வழி உண்டா?
– வாசகர், அன்னூர்

பதில்: நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு ‘போல்’ (காந்த முனை) கொண்ட மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. அது, மோட்டாருக்குள் சுழலும் பகுதியான ரோட்டாரை முந்திக்கொண்டு ஓடினால்தான் ரோட்டார் கம்பிகளில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, தண்டைத் திருப்பும் விசை பிறக்கும். இரண்டும் ஒரே வேகத்தை எட்டிவிட்டால் அந்த விசையே இராது. ஆகவே உங்கள் மோட்டாரில் முழுச் சுமையின்போது குறையும் 120 சுற்று, அதாவது 4 சதவீதம், இயல்பானதே. அது கூடும்போதுதான் கவலைப்பட வேண்டும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால், அதே ஸ்லிப்பில் கிடைக்கும் திருப்புவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், ரோட்டார் மேலும் பின்தங்கி, கூடுதல் ஆம்பியர் இழுத்து, காயிலைச் சூடேற்றும். லோ வோல்டேஜில் மோட்டாரை ஓட்டிக் காயிலைக் கருக்கிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

உங்கள் மகன் சொல்வதும் சரியே. ஆனால் அது வேறு நழுவல். நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் பெரும்பாலும் ஒரே டேப் (நாடா), நூலை முறுக்கும் நான்கு கதிர்களைச் சுழற்றுகிறது. டேப் தளர்ந்து வழுக்கினால் கதிரின் வேகம் குறையும். முன் உருளையோ பஞ்சிழையை வழக்கமான வேகத்திலேயே விட்டுக்கொண்டிருக்கும். அங்குலத்துக்கு 20 முறுக்கு ஏற வேண்டிய நூலில், 3 சதவீத நழுவலால் 19.4 முறுக்குதான் ஏறும். ஓசையோ வாடையோ எழாததால், எனக்கு இதுவே மிகவும் பொல்லாத நழுவலாகப் படுகிறது. அந்த நான்கு கதிர்களின் நூலும் நல்ல நூலோடு கலந்து சோமனூர் விசைத்தறிக்கோ திருப்பூர் பின்னல் இயந்திரத்துக்கோ போய் அறுந்த பிறகே குறை வெளிப்படும். விட்டுவிட்டு மின்னும் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கின் ஒளியில் கதிர்களை அவ்வப்போது சோதித்தால், பிந்தி ஓடுபவை ஆலையிலேயே அகப்பட்டுவிடும்.

புல்லிகளைச் சுழற்றும் வி-பெல்ட் அப்படியன்று, வழுக்கினால் கிறீச்சிடும், ரப்பர் கருகும் வாடை வரும், பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கும். பலர் செய்வதுபோல் குங்கிலியப் பொடியைத் தூவுவது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. இழுவையைச் சரிசெய்து, புல்லியின் பள்ளம் தேய்ந்திருந்தால் புல்லியையே மாற்றிவிட வேண்டும்.