சாமியைக் கேள்வி கேட்கும் படங்கள்

கேள்வி: சினிமாவில் பக்தியைக் கிண்டல் செய்தால் மனசு வலிக்கிறது. இப்படிப்பட்ட படங்களைத் தடை செய்தால் என்ன? – வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வலி புரிகிறதம்மா. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்குப் போடும் என் பாட்டிதான் என்னைப் ‘பராசக்தி’ பார்க்கக் கூட்டிப்போனார். 1952 தீபாவளிக்கு வந்த படம். தடை செய்யச் சொல்லி அப்போதே குரல் எழுந்தது. கோயிலுக்குள்ளேயே கதாநாயகனின் தங்கை கல்யாணியிடம் பூசாரி தவறாக நடக்கப் பார்க்கும் காட்சியில், பாட்டி என் கையை இறுக்கிப் பிடித்தார். வளையல் அழுந்தித் தடம் விழுந்துவிட்டது. வெளியே வந்ததும், “அவனை அம்மனே சும்மா விட்டிருக்க மாட்டா” என்றார். அடுத்த வெள்ளியும் எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பினார்.

அக்கிரமத்தைக் காட்டுவது வேறு, கும்பிடுகிறவரை முட்டாளாக்கிச் சிரிப்பது வேறு. இரண்டாவது எனக்கும் பிடிக்காது. சரி, எழுதிக் கண்டியுங்கள், நானும் எழுதுகிறேன். தடை மட்டும் வேண்டாம்.