சித்திர மாயக்கதைகள் பெரியவர்களையும் இழுப்பது ஏன்?

பிள்ளைகளுக்கென்று படத்தோடு வரும் மாயக்கதைகளைப் பெரியவர்களும் ஏன் விடாமல் படிக்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதற் காரணம் படம்தான். எழுத்து ஒன்றைச் சொல்ல, படம் இன்னொன்றையும் சேர்த்துக் காட்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை மூலையில் ஒளிந்திருக்கும் குட்டிப் பூதத்தை உடனே கண்டுபிடித்துவிடும், வாசித்துக் காட்டும் அம்மம்மா அதைக் கவனித்தே இருக்கமாட்டார், ஆக ஒரே பக்கத்தில் இரண்டு பேரும் வேறு வேறு கதை படிக்கிறார்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா என்ற சிறுவர் இதழில் ஓவியர் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனை நினைத்துப் பாருங்கள், தோளில் வேதாளம், கையில் உருவிய வாள். அந்த வேதாளம் கேட்பதும் சின்னப்பிள்ளைக் கேள்வி இல்லை, யார் செய்தது நியாயம் என்று பெரியவரையே மடக்குகிற கேள்வி.

அப்புறம், இலங்கையின் வடக்கே வன்னியில் இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இன்று முப்பது, நாற்பது வயதில் இருக்கும் பலருக்குச் சிறுவயது போரிலும் இடம்பெயர்விலுமே போனது, போர் முடிந்த 2009இல் வீட்டோடு புத்தகங்களும் போய்விட்டன. கிளிநொச்சியில் ஒரு தகப்பன் மகளுக்கு வாங்கிய கதைப்புத்தகத்தை அவளைவிட ஆவலாகப் புரட்டினால், அது அவருக்கு அந்த வயதில் கிடைக்காமல் போன வாசிப்பு, அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. பிள்ளை இல்லாதவர்களும் தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது படம் வரைந்தவர் பெயரையும் பாருங்கள், எழுதியவர் பெயரளவுக்கு அதுவும் முக்கியம்.