தோலைத் திருப்பிப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சொந்த ஊர் பேரணாம்பட்டு. அப்பா தோல் மண்டியில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். 2024 செப்டம்பரில், தேசியப் பங்குச்சந்தைக் குறியீடான நிஃப்டி 26,000 தாண்டி நின்றபோது, நண்பர் சொன்னார் என்று ஒரு பங்கை 640 ரூபாய்க்கு நூறு வாங்கினேன். 2025 மார்ச்சில் நிஃப்டி 22,000 சொச்சத்துக்கு இறங்கியது, என் பங்கு 290க்கு வந்துவிட்டது. 'ஆவரேஜ் பண்ணு, இறங்கிய விலையில் இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறை' என்கிறார் அதே நண்பர். சந்தை எப்படியும் மேலே வந்துவிடும் அல்லவா? வேறு மூன்று பங்குகளின் பெயரும் எழுதியிருக்கிறேன். எதை வாங்கலாம்? பணத்துக்கு மனைவியின் சங்கிலியை வைக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கா., பேரணாம்பட்டு

அன்புள்ள கா.,

பங்குகளின் பெயர்களை எடுத்துவிட்டுத்தான் கடிதத்தைப் போட்டிருக்கிறேன். இதை வாங்கு, அதை வில் என்று ஆலோசனை சொல்கிறவர் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்றிருக்க வேண்டும். நான் கதை எழுதுகிறவன். பங்கில் பணம் விட்டவன் என்ற தகுதி மட்டும் உண்டு.

2008 அக்டோபர் 24, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு மூன்று நாள். வேலூர் ஆபீசர்ஸ் லைனில் ஒரு தரகர் அலுவலக மாடியில் உட்கார்ந்திருந்தேன். அன்று ஒரே நாளில் மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஆயிரம் புள்ளிக்கு மேல் விழுந்து 8,701இல் நின்றது. ஜனவரியில் 21,000 பார்த்த சந்தை. பக்கத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கையில் வாங்கிய டீயைக் குடிக்காமலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயில் ஆடை கட்டிவிட்டது. நான் ஒருவன்தான் உற்சாகமாக இருந்தேன். கையிலிருந்த ஒரு கட்டுமான நிறுவனப் பங்கை மூன்றாம் முறையாக ஆவரேஜ் செய்தேன். போனஸ் மொத்தமும் அதில் போயிற்று.

2010 தீபாவளிக்கு சென்செக்ஸ் மறுபடி 21,000த்தைத் தொட்டது. என் பங்கு திரும்பவே இல்லை. இன்றும் பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கில் ஒரு வரியாகக் கிடக்கிறது, விற்கவும் வழியில்லாமல்.

சந்தை மேலே வரும் என்று நீங்கள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் சென்செக்ஸ் என்பது முப்பது நிறுவனங்களின் பட்டியல். அதில் ஒன்று கெட்டுப்போனால் எடுத்தெறிந்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்த கையோடு அதைத் தூக்கிவிட்டார்கள். நம் டீமேட் கணக்கில் அப்படித் தூக்க யாரும் வரமாட்டார்கள். 'சந்தை' திரும்புவதும் 'நம் பங்கு' திரும்புவதும் வேறு வேறு சங்கதி.

ஆவரேஜ் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 290இல் இன்னும் நூறு வாங்கினால் சராசரி 465. முதல் தேறவே பங்கு அறுபது சதவீதம் ஏற வேண்டும். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், இது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் 465 என்பது 640ஐவிட மனசுக்கு இதமாக இருக்கிறது பாருங்கள், அதுதான் வினை. நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது அந்தப் பங்குக்குத் தெரியாது.

உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். பாதி விலைக்கு ஒரு கட்டுத் தோல் வந்தால் உடனே வாங்கச் சொல்வாரா? ஒவ்வொன்றாக விரித்து, திருப்பி, கையால் தடவிப் பார்ப்பார். அம்மைத் தழும்பு, உண்ணி கடித்த இடம், உரிக்கும்போது விழுந்த கத்திக் கீறல். அப்புறம்தான் விலை பேச்சு. பங்கிலும் அப்படித் தடவிப் பார்க்க இடம் உண்டு. லாபம் காட்டுகிறார்களே, அது ரொக்கமாக உள்ளே வந்ததா, வரவேண்டிய பாக்கியாகவே நிற்கிறதா? ஆண்டறிக்கையின் பணப்புழக்கப் பக்கத்தில் இருக்கும். நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் முதலாளி, அதாவது புரமோட்டர், தன் பங்கில் எவ்வளவை அடகு வைத்திருக்கிறார்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்குச்சந்தைத் தளத்தில் வரும். விலை விழும்போது கடன் கொடுத்தவர் அந்த அடகுப் பங்கை விற்பார், அதனால் விலை இன்னும் விழும். 2008இல் இதைப் பார்க்க எனக்கு வழியில்லை; அடகு விவரத்தைச் சொல்லியாக வேண்டும் என்ற விதி 2009இல்தான் வந்தது.

புரமோட்டரும் அடகு வைத்து, நீங்களும் சங்கிலியை அடகு வைத்தால் நன்றாக இருக்காது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு. பங்கு ஏறினாலும் இறங்கினாலும் அது மாதாமாதம் நிற்காமல் வரும்.

பெயர் கேட்டவருக்குப் பெயர் சொல்லாமல் முடிக்கிறேனே என்று கொஞ்சம் சங்கடம்தான். நான் இப்போது தனிப் பங்கே வாங்குவதில்லை. மாதம் ஒரு தொகை, குறியீட்டுப் பட்டியலில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகிறது, சம்பளத்திலிருந்து மட்டும்.

அந்த இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். வீட்டில் சொன்னீர்களா என்றும்.