வயதானவர்களின் மூளை ஸ்கேனில் கூடுதல் இடங்கள் ‘ஒளிர்கின்றனவே’, அது நல்லதா கெட்டதா?

முதலில் ஒன்று: மூளை ஒளிர்வதே இல்லை. எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை வேலை செய்யும்போதே எடுக்கும் ஸ்கேன், அளப்பது ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை. வயதானால் ரத்தக் குழாய்களும் மாறும். அதனால்தான் சில ஆய்வாளர்கள் மூச்சை அடக்கச் சொல்லி, குழாய்களின் அந்த மாற்றத்தைத் தனியாக அளந்து திருத்திக்கொள்கிறார்கள்.

இந்த ஸ்கேன்களில் அடிக்கடி சோதிக்கப்படுவது செயல்நினைவு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் எங்கள் ஆயா கத்தரிக்காய் 25 ராண்ட், தக்காளி 30 என்று முணுமுணுத்தே 55 சொல்லிவிடுவார். நடுவில் யாராவது “வணக்கம் ஆயா” என்றால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அந்த 25ஐப் பிடித்துக்கொண்டே 30ஐக் கூட்டுவதுதான் செயல்நினைவு.

ஆய்வகத்தில் இதற்கு ‘என்-பேக்’ சோதனை: திரையில் எழுத்துகள் ஓடும், இரண்டு எழுத்துக்கு முன் வந்ததே மறுபடி வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சுலபமான சுற்றிலேயே முதியவர்களின் முன்நெற்றிப் புறணி (நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி) இளைஞர்களைவிடக் கூடுதலாக உழைப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது, சில நேரம் மூளையின் இரு பக்கமும். சுற்று கடினமானால் சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. இது வயதின் குறையை மூளை ஈடுகட்டுவது என்பது 2008இல் ஆய்வாளர்கள் ராய்ட்டர்-லோரன்ஸும் கப்பெல்லும் எழுதிய விளக்கம். இல்லை, மூளைப் பகுதிகள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் கூர்மை மழுங்கியதன் அடையாளம் என்பவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால், படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கூடுதலாக உழைத்தவர் விடையைச் சரியாகச் சொன்னாரா என்று பாருங்கள்.