48,000 ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டு: இஎம்ஐயில் வாங்கலாமா, சீட்டு முடியும் வரை பொறுக்கலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். கைக்கு வரும் சம்பளம் 31,000. வீட்டுக்கு 10,000, பைக் லோன் 4,200, சீட்டு 3,000, என் செலவு 7,000 போக மாதம் 6,800 நிற்கும். பேங்கில் 40,000 இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ எடிட் செய்வதில் 6,000 முதல் 8,000 வரை தனியாக வரும். என் கம்ப்யூட்டர் ரைசன் 5 3600, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1650, 450 வாட் பவர் சப்ளை. போட்டோகிராஃபர் சோனி கேமராவில் 4கே, 10 பிட், 4:2:2 ஃபுட்டேஜ் (நிறத் தகவல் அதிகமுள்ள கனமான வீடியோ) தந்தால் பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேர் திணறுகிறது. வைகாசியில் தலா 5,000 ரூபாய் வரக்கூடிய இரண்டு ஆர்டர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கேமும் ஆடுவேன், மானிட்டர் 1080பி.

கடையில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி 30,500 என்றும், 5060 டிஐ 16 ஜிபி 48,000 என்றும் சொன்னார்கள். 48,000 கார்டை கிரெடிட் கார்டில் 16% வட்டிக்கு 18 மாத இஎம்ஐ போடலாமா? சீட்டை இப்போதே ஏலத்தில் எடுத்தால் 51,000 கிடைக்கும். ஐந்து மாதம் கழித்து தையில் கடைசி ஆளாக எடுத்தால் 57,000. நண்பர் ஒருவர் பில் இல்லாத பழைய 3070 கார்டை 19,000-க்குத் தருகிறேன் என்கிறார். அப்பா எல்லாமே தண்டச் செலவு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: சம்பாதித்துத் தரக்கூடிய பொருள் தண்டச் செலவு ஆகாது. ஆனால் அது சம்பாதிக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது திருப்பி அனுப்பிய அந்த இரண்டு ஆர்டர்கள்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் எந்த கார்டு என்று முடிவு செய்துவிடலாம்.

பழைய 3070 வேண்டவே வேண்டாம். அது 2020 கடைசியில் வந்த கார்டு. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றும் வரை இந்த ரக கார்டுகள் அதை ஈட்டும் மைனிங் வேலையில் இரவு பகலாக ஓடின. உங்கள் நண்பரின் கார்டு அப்படி ஓடியதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பில் இல்லாததால் வாரண்டியும் இல்லை. 220 வாட் இழுக்கும் அந்த கார்டை உங்கள் 450 வாட் பவர் சப்ளை தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களை உண்மையில் படுத்துகிற 4:2:2 ஃபுட்டேஜை ஹார்ட்வேரில் பிரித்துப் படிக்கும் வசதி அதில் கிடையாது. 19,000 கொடுத்தும் பிரீமியர் அதே இடத்தில்தான் நிற்கும்.

கேம் மட்டும் ஆடுகிறவர் என்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபியை எடுங்கள் என்று சொல்லியிருப்பேன். 2025-இல் அமெரிக்காவில் அது 349 டாலருக்கு வந்தது, 5060 டிஐ 16 ஜிபி 429 டாலர். நம் ஊரிலும் அந்த இடைவெளி ஓரளவு அப்படியே இருக்கும். ஆனால் ஏஎம்டியின் ரேடியான் கார்டுகளிலும் அந்த 4:2:2 வசதி இல்லை. என்விடியா அதைக் கொண்டுவந்தது 50 வரிசையில்தான். இன்டெலின் ஆர்க் பி580-இல் உண்டு, விலையும் குறைவு. அதை உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம் உங்கள் 3600 பிராசசர். பழைய பிராசசரோடு சேர்த்தால் அந்த கார்டு கேம்களில் தன் முழு வேகத்தைக் காட்டுவதில்லை. ஆக, 5060 அல்லது 5060 டிஐ என்ற உங்கள் தேர்வு சரிதான்.

17,500 ரூபாய் மிச்சம் பிடிக்க 8 ஜிபியை எடுக்கலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதே. 4கே டைம்லைனில் கலர், நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று அடுக்கும்போது கார்டின் 8 ஜிபி நினைவகம் சீக்கிரம் நிறைந்துவிடும். நிறைந்தால் கார்டு கம்ப்யூட்டரின் ராமிடம் கடன் வாங்க ஆரம்பிக்கும். இந்தக் கார்டுகள் எட்டு லேன் (தரவு போகும் தடம்) வழியாகத்தான் போர்டோடு பேசுகின்றன, உங்கள் பி450 போர்டோ பழைய பிசிஐஇ 3.0 இணைப்பு கொண்டது. அந்தப் பாதை குறுகலானது, அதனால் நினைவகம் போதாத கார்டு உங்கள் மெஷினில் மற்றவர்கள் மெஷினை விட அதிகமாகத் தடுமாறும். இரண்டே வருடத்தில் விற்றுவிட்டு வேறு தேடுவீர்கள். ஒரு எச்சரிக்கை: 5060 டிஐ என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது, பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியின் மேல் 16 ஜிபி என்று இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, பில்லிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.

சரி, செலவு 48,000-தானா? இல்லை. 5060 டிஐ-க்கு என்விடியா சொல்வது 600 வாட் பவர் சப்ளை. நல்ல பிராண்டில் 5,000 ஆகும். யுபிஎஸ் பற்றி நீங்கள் எழுதவில்லை. வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 600 விஏ யுபிஎஸ். அது தாங்குவது சுமார் 360 வாட். இந்தக் கார்டு மட்டுமே 180 வாட் இழுக்கும், பிராசசரும் மானிட்டரும் சேர்ந்தால் விளிம்பில் நிற்கும். ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனால் ஒரு பீப் சத்தத்தோடு மெஷினும் சேர்ந்து அணைந்துவிடும், மூன்று மணி நேர வேலை போய்விடும். உங்களிடம் இருப்பது அதுதான் என்றால் 1,000 விஏ யுபிஎஸ்ஸுக்கு இன்னொரு 5,000 ஒதுக்குங்கள். ஆக மொத்தம் 58,000. கரண்ட் பில்லையும் ஒரு பார்வை பாருங்கள். தினம் நாலு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட் வரை கூடும். வீட்டில் ஏற்கெனவே 470, 480 யூனிட் ஓடுகிறது என்றால் 500-ஐத் தாண்டி வேறு கட்டண வரிசைக்குப் போய்விடுவீர்கள். அந்த வித்தியாசத்தை அப்பா கவனிக்காமல் இருக்க மாட்டார்.

இப்போது பணம் வரும் வழி. 18 மாத இஎம்ஐயில் மாதம் 3,017 ரூபாய். வட்டி மட்டும் 6,310. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, அது 1,135. பிராசசிங் கட்டணம் தனி. 7,500-க்கு மேல் கூடுதலாகப் போகிறது. இந்த 18 மாதத்தில் இரண்டு புரட்டாசியும் இரண்டு மார்கழியும் ஓர் ஆடியும் வரும். அப்போதெல்லாம் எடிட்டிங் வருமானம் இல்லை, சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டும். கட்ட முடியாத தொகை இல்லை, ஆனால் மாத மிச்சம் 6,800-லிருந்து 3,800-க்கு இறங்கிவிடும். “நோ காஸ்ட்” இஎம்ஐ என்று கடைக்காரர் சொன்னால், ஒரே தடவையில் பணம் கட்டினால் என்ன விலை என்று கேளுங்கள். பல நேரம் வட்டி அந்த விலை வித்தியாசத்துக்குள் உட்கார்ந்திருக்கும், வட்டி மேல் ஜிஎஸ்டி எப்படியும் உங்கள் தலையில்தான்.

சீட்டை இப்போது எடுப்பது பார்க்க மலிவாகத் தெரியும், 6,000 தானே நஷ்டம் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். 51,000 ரூபாயை ஐந்து மாதம் முன்னால் வாங்குவதற்கு 6,000 விடுகிறீர்கள். வருட வட்டியாகப் பார்த்தால் 28%. பேங்க் கேட்கும் 16 சதவீதத்தை விட இது எவ்வளவோ அதிகம். சீட்டைத் தொடாதீர்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. இஎம்ஐயில் எடுத்து, தையில் சீட்டுப் பணம் வந்ததும் மொத்தமாக அடைப்பது. ஐந்து மாத வட்டியும் அதன் ஜிஎஸ்டியும் சேர்ந்து சுமார் 3,400. அப்போது அசல் பாக்கி 35,800 இருக்கும். முன்கூட்டி அடைக்க பேங்க் 3% வாங்குவதாக வைத்துக்கொண்டால் வரியோடு இன்னொரு 1,270. உங்கள் பேங்கில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, கார்டை ஐந்து மாதம் முன்னால் பெறுவதற்கான விலை ஏறக்குறைய 4,700. பவர் சப்ளைக்கும் யுபிஎஸ்ஸுக்கும் 10,000 சேமிப்பிலிருந்து போனாலும் 30,000 நிற்கும். தையில் 57,000 வந்து கடன் அடைந்தபின் மீதி சுமார் 19,900-ஐத் திரும்பச் சேமிப்பில் போட்டுவிடலாம்.

அந்த 4,700 திரும்ப வருமா என்பதுதான் கேள்வி, அதற்கான பதில் உங்கள் போட்டோகிராஃபரிடம் இருக்கிறது. ஆவணி, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களுக்கு 4கே வேலை எத்தனை தருவார் என்று இப்போதே பேசுங்கள். வாய் வார்த்தை போதாது, தேதி சொல்லி ஒரு சிறு அட்வான்ஸ் கொடுத்தால்தான் அது ஆர்டர். இரண்டு ஆர்டர் அப்படி உறுதியானால் இஎம்ஐ போட்டு இப்போதே வாங்குங்கள், தையில் அடையுங்கள். உறுதியாகவில்லை என்றால் தை வரை பொறுங்கள், சீட்டுப் பணத்தில் ரொக்கமாக வாங்குங்கள்.

பொறுத்தால் விலை ஏறிவிடாதா என்று தோன்றும். ஏறலாம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை எகிறியது உங்களுக்கும் தெரியும், 16 ஜிபி கார்டுக்கும் அந்த வெப்பம் படுகிறது. ஆனால் 4,700 ஏறினால்தான் இஎம்ஐயோடு சமமாகிறது. அதைவிடக் குறைவாக ஏறினால் பொறுத்ததில் உங்களுக்கே லாபம்.

பொறுக்கும் நாட்களில் ஆர்டரைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பிரீமியரில் புராக்ஸி, அதாவது ஃபுட்டேஜின் எடை குறைந்த நகல், உருவாக்கிக்கொள்ளுங்கள். ஃபுட்டேஜ் வந்த அன்று இரவு படுக்கும் முன் புராக்ஸி போட்டுவிட்டால், காலையில் உங்கள் 1650 கார்டிலேயே வெட்டும் வேலை சரளமாக ஓடும். கடைசி எக்ஸ்போர்ட் நேரம் எடுக்கும், அதையும் இரவில் விடுங்கள். வைகாசியில் விட்ட அந்த 10,000 ரூபாயை இப்படியே எடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆவணியில் ஒரு ஆர்டரை இந்த முறையில் முடித்துப் பாருங்கள். அப்படியும் டெலிவரி தேதிக்குள் முடிக்க முடியாத அளவுக்கு வேலை குவிந்தால், அப்போது கார்டு வாங்குவதில் எனக்கு மறுப்பே இல்லை.

இரண்டு சின்ன விஷயங்கள். பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். பெரும்பாலான பிராண்டுகள் இங்கே மூன்று வருட வாரண்டி தருகின்றன, சீரியல் எண்ணும் பில்லும் இருந்தால்தான் அது செல்லும். அப்புறம் வரி. சம்பளமும் எடிட்டிங்கும் சேர்ந்து நாலரை லட்சத்துக்குள்தான் வருகிறது. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி வராது. அதனால் தேய்மானம் காட்டி வரி மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு அதில் ஒரு பைசா பயன் இல்லை. எடிட்டிங் வருமானத்தையும் சேர்த்து ரிட்டர்ன் மட்டும் ஒழுங்காகப் போட்டுவிடுங்கள்.