பி0171 கோட் வந்தால் சென்சரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2009ஆம் ஆண்டு டொயோட்டா ஆக்சியோ இருக்கிறது ஐயா. இரண்டு மாதத்துக்கு முன் என்ஜின் லைட் எரியத் தொடங்கியது. மட்டக்களப்பில் ஒரு கராஜில் ஸ்கேன் பண்ணி, பி0171 என்ற கோளாறு கோட் வந்திருக்கு, ஒக்சிஜன் சென்சர் மாற்ற வேண்டும் என்றார்கள். 28,000 ரூபா கொடுத்து மாற்றினேன். ஒரு கிழமை போகவில்லை, திரும்பவும் அதே லைட், அதே கோட். இப்போது பெற்றோல் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? கொடுத்த காசைக் கேட்க வழி உண்டா?
(வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: பம்புக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள். பி0171 எந்தப் பாகத்தின் பெயரையும் சொல்வதில்லை. என்ஜினுக்குள்ளே போகும் காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை, வண்டியின் கணினி பெற்றோலைக் கூட்டிக் கொடுத்தும் சரிக்கட்ட முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். அந்தக் குறையைக் கண்டு சொன்னதே, புகையில் உள்ள ஒக்சிஜனைப் பார்க்கும் ஒக்சிஜன் சென்சர்தான். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கணக்கில் வராத காற்று எங்கோ ஒரு வெடிப்பால் உள்ளே போகிறது, அல்லது காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சரில் அழுக்குப் படிந்திருக்கிறது. பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர் எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

எது என்று ஸ்கேனரிலேயே பிடிக்கலாம். என்ஜின் நன்றாகச் சூடானதும், லைவ் டேட்டாவில் ஃபியூவல் ட்ரிம்மைக் காட்டச் சொல்லுங்கள். கணினி பெற்றோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. ஷோர்ட் டேர்ம் (அந்த நேரத்துத் திருத்தம்), லோங் டேர்ம் (நீண்ட நாள் திருத்தம்) இரண்டையும் கூட்டி 10 சதவீதத்துக்குள் இருந்தால் பயமில்லை. ஐட்லிங்கில் (அக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) 20, 25 என்று நின்று, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் கீழே இறங்கினால் காற்றுக் கசிவு. ஐட்லிங்கில் பரவாயில்லாமல் இருந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு வேகமாக ஓடும்போது கூடினால் எம்ஏஎஃப்பையோ பெற்றோல் வரத்தையோ சந்தேகப்படலாம். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பாகத்தின் பெயரைச் சொல்கிற கராஜில் வண்டியை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கசிவு என்றால் ஏர் ஃபில்டரில் இருந்து த்ரொட்டிலுக்கு (காற்றைத் திறந்து மூடும் வால்வுக்கு) போகும் ரப்பர் குழாயை மடித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப இழுக்கும் குழாய்), இன்டேக் கஸ்கெட் (காற்றுக் குழாய் என்ஜினோடு சேரும் இடத்து அடைப்பு) இரண்டையும் விட்டுவிட வேண்டாம். படுவான்கரைப் பக்கம் வயலோரம் வண்டி நிறுத்துபவர்கள் எலி கடித்த ஹோஸையும் தேட வேண்டும். எம்ஏஎஃப் என்றால் அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவலாம். காபரேட்டர் கிளீனர் அடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் விரலும் படக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே பூட்டுங்கள்.

காசு விஷயத்தில் முதலில் கராஜ்காரரிடமே பில்லோடு போய்ப் பேசுங்கள். கழற்றிய பழைய சென்சரையும் கேளுங்கள், அது உங்கள் பொருள். சரிவராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். உத்தரவாதம் தந்துவிட்டு அதன்படி நடக்காத முறைப்பாடுகளை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதமளவில் போயிருக்கும், தாமதிக்க வேண்டாம். பில்லில் உத்தரவாதம் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம்.

கேள்வி: கல்முனையில் ஒரு பழைய கார் பார்த்திருக்கிறேன். என்ஜின் லைட் எரியவில்லை. அப்படியும் ஸ்கேன் தேவையா?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: கட்டாயம் தேவை. முதலில் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ஓன் பண்ணுங்கள். லைட் எரிய வேண்டும், என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதை எரியாமல் செய்திருக்கலாம். பிறகு ஸ்கேனரில் 'ரெடினஸ்' பாருங்கள், வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று அது காட்டும். பல சோதனைகள் முடியாமல் கிடந்தால் கோட் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கக் கூடும். அழித்த பின் ஓடிய கிலோமீற்றரையும் பல வண்டிகள் காட்டும். பற்றரி கழற்றினாலும் இதேபோல்தான் காட்டும், அதனால் உடனே விற்பவரைக் குறை சொல்ல வேண்டாம். இரண்டு மூன்று நாள் ஓடவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ண அவர் சம்மதித்தால் மட்டும் முற்பணம் கொடுங்கள்.