எலும்புருக்கி என்றால் எலும்பில் வரும் நோயா?

காசநோயின் பழைய பெயர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் பாட்டி ‘எலும்புருக்கி’ என்பார். அது எலும்பு நோயா?

பதில்: இல்லை அம்மா. பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும் அதே காசநோய்தான். கிருமி கண்ணில் படாத காலத்தில் பெயர் வைத்தவர்கள் நோயாளியைத்தான் பார்த்தார்கள். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, சோறு இறங்காது, கன்னம் ஒட்டி ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். வடமொழி ‘க்ஷயம்’ என்றால் தேய்வு. கிரேக்கரின் ‘தைசிஸ்’ என்பதற்கும் அதே பொருள். ஆங்கிலேயர் உடம்பையே தின்றுவிடுவதாகக் கண்டு ‘கன்சம்ப்ஷன்’ என்றார்கள்.

கேள்வி: ‘ராஜயட்சுமா’ என்றால் ராஜாக்களுக்கு வந்த நோயா?

பதில்: அந்த ராஜா சந்திரன். தக்கனின் 27 மகள்களை மணந்தவன் ரோகிணி வீட்டிலேயே தங்கிவிட, மாமனார் சாபத்தால் தேய்ந்தான் என்பது கதை. ‘நோய்களின் அரசன்’ என்றும் பொருள் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது நிலாக் கதைதான். அதில் தேய்ந்தவன் மறுபடி வளர்கிறான்.

கேள்வி: ‘கிங்ஸ் ஈவில்’ என்பதும் இதுதானா?

பதில்: அது கழுத்தில் நெறிகட்டும் வகை, நம்மவர் கண்டமாலை என்பது. அரசர் தொட்டால் தீரும் என்று இங்கிலாந்திலும் பிரான்சிலும் நம்பினார்கள். பின்னாளில் அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக 1712-இல் ராணி ஆன் தொட்டார். நோய் தீரவில்லை, தழும்பு கடைசிவரை இருந்தது.

கேள்வி: என் தம்பிக்கு முதுகெலும்பில் டிபி என்கிறார்கள். இருமலே இல்லையே?

பதில்: ‘காசம்’ என்றால் இருமல். அந்தப் பெயர்தான் குழப்புகிறது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அறிவித்த அதே கிருமி முதுகெலும்பிலும் நெறியிலும் தங்கும். இருமல் இல்லை என்று மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் ‘நெஞ்சுச்சளி’ என்றே சொல்லி மறைக்கிறோம். தவறா?

பதில்: அக்கம்பக்கத்தில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். கூட வசிப்பவர்களிடம் மட்டும் மறைக்க வேண்டாம், அவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ‘எலும்புருக்கி’ என்ற சொல் மருந்தில்லாத காலத்துப் பயத்தைச் சுமந்து வருகிறது. சென்னையிலேயே 1950-களில் ஆய்வு செய்து பார்த்தார்கள். வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்களைப் போலவே தேறினார்கள், வீட்டாருக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. உங்கள் வீட்டு நோயாளியைத் தனித்தட்டு போட்டு ஒதுக்காதீர்கள், மாத்திரையை ஒருநாளும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.